கொல்லன் மகன் கண்ட கோடுகள்

பதுளை நகரில் ஆங்கிலிக்கன் சபையினருக்குரிய புனித மாற்கு ஆலயம் இருப்பதை வாசகர்களுள் பலர் அறிவர். அது யாருடைய நினைவாக எழுந்தது என்பதைத்தான் பலர் மறந்திருப்பர். மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரியின் நினைவாக எழுந்தது அது. அவர் பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர். ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றவர் என்ற பெயரும் அவருக்கு உண்டு. 1845ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் திகதி, அப்புத்தளை வாடிவீட்டில் தங்கியிருந்த வேளையில், இடிமழையைப் பார்க்க விறாந்தைக்கு வந்தவர் மின்னல் தாக்கி அவ்விடத்திலேயே மாண்டார். அவரை நுவரெலியாவில் அடக்கம் செய்தார்கள். அந்தக் கல்லறைக் கல்லையும் பிற்காலத்தில் மின்னல் பிளந்தது என்று சொல்வார்கள்.

யானைகளின் சாபம் என்பது ஊரார் தீர்ப்பு. இன்றைக்கும் அப்படிச் சொல்பவர்கள் உண்டு. யானைகளின் மீது எமக்கும் இரக்கம் உண்டு. ஆனால் இந்தத் தீர்ப்பை எம்மால் ஏற்க முடியவில்லை. சித்திரை மாதத்துப் பிற்பகலில் மலையில் கொழுந்து பறித்து நிற்கும் ஏழைப் பெண்ணும் மின்னலுக்குப் பலியாகிறாளே, அவள் எந்த யானையைச் சுட்டாள்? மின்னல் ஆளைப் பார்த்து விழுவதில்லை. அது இடத்தைப் பார்த்து விழுகிறது. அந்த இடத்தின் தன்மையை உலகுக்குக் காட்டிய மனிதர், ரொஜர்ஸ் இறந்த அதே 1845ஆம் ஆண்டில், இலண்டன் நகரில் ஒரு நிலவறை ஆய்வுகூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். அவர் பெயர் மைக்கல் பரடே.

பரடே 1791ஆம் ஆண்டு செப்டெம்பர் 22ஆம் திகதி இலண்டனின் தென்புறத்தில் நியூவிங்டன் என்ற இடத்தில் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் இரும்புக் கொல்லர். வட இங்கிலாந்திலிருந்து பிழைப்புத் தேடி நகருக்கு வந்தவர். உலைக்கு முன்னால் ஒரு முழுநாள் நிற்கக்கூட அவருடைய உடம்பு இடங்கொடுக்கவில்லை. பிள்ளைகள் நால்வர். தானிய விலை ஏறியிருந்த 1801ஆம் ஆண்டில் சிறுவன் மைக்கலுக்குக் கிடைத்தது வாரத்துக்கு ஒரு பாண். அதை அவன் ஏழு நாளைக்கும் பங்கிட்டுத் தின்ன வேண்டும். வாசிப்பு, எழுத்து, கொஞ்சம் கணக்கு, இவ்வளவே அவன் பள்ளியில் கற்றவை. ஐந்தாம் வகுப்போடு நின்ற பிள்ளைகளைத் தோட்டத்து லயங்களில் பார்த்திருக்கும் எமக்கு இந்தக் கதை புதியதன்று.

பதின்மூன்று வயதில் ரீபோ என்ற பிரெஞ்சுக்காரரின் புத்தகக் கடையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தான். மறுவருடம் அங்கேயே புத்தகம் கட்டும் தொழில் பழக ஏழாண்டு ஒப்பந்தம் ஆயிற்று. கட்டுவதற்கு வந்த புத்தகங்களைக் கட்டுவதற்கு முன் வாசிப்பது அவன் வழக்கம். கலைக்களஞ்சியம் ஒன்றில் மின்சாரத்தைப் பற்றிய பகுதி அவன் கையில் அகப்பட்டது. மார்செட் அம்மையார் என்பவர் இரசாயனத்தை உரையாடலாக எழுதிய நூலும் அகப்பட்டது. வாசித்தவற்றை அப்படியே நம்பாமல், கிடைத்த போத்தலையும் கம்பியையும் கொண்டு தானே செய்து பார்த்தான். முதலாளி திட்டவில்லை, ஊக்கம் கொடுத்தார். இந்த ரீபோவைப் பற்றி வரலாறு அதிகம் பேசுவதில்லை. பேசியிருக்க வேண்டும்.

1810இல் தந்தை இறந்தார். மூத்த சகோதரன் ரொபர்ட்டும் கொல்லன்தான். தம்பி மாலை நேர விஞ்ஞான விரிவுரைகளுக்குப் போக அவனே சில்லறை கொடுத்துதவினான். 1812இல் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், ரோயல் இன்ஸ்டிடியூஷன் என்ற நிறுவனத்தில் சேர் ஹம்ப்ரி டேவி நிகழ்த்திய விரிவுரைகளுக்கு அனுமதிச் சீட்டுகள் தந்தார். டேவி அன்று ஐரோப்பா முழுவதும் புகழ் பெற்ற இரசாயன அறிஞர். பரடே நான்கு விரிவுரைகளையும் குறிப்பெடுத்து, படங்கள் வரைந்து, தன் கையாலேயே அழகாகப் புத்தகமாகக் கட்டி, வேலை கேட்டு டேவிக்கு அனுப்பிவைத்தார். அப்பொழுது வேலை இல்லை. சில வாரங்களில் ஆய்வுகூட உதவியாளன் ஒருவன் சண்டையிட்டு வேலையை இழந்தான். 1813 மார்ச் 1ஆம் திகதி பரடே அந்த இடத்துக்கு வந்தார். சம்பளத்துடன் அதே கட்டிடத்தின் மேல்மாடியில் தங்க இரண்டு அறைகளும் கிடைத்தன.

அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் டேவி தம்பதியர் ஐரோப்பியப் பயணம் புறப்பட்டபோது பரடேயையும் கூட்டிச் சென்றனர். உதவியாளர் என்று பெயர். டேவியின் மனைவி அவரை வேலைக்காரனாகவே நடத்தினார். துரைமார் பங்களாக்களின் வழக்கம் அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அந்தப் பயணத்தில்தான் பரிசில் அம்பியரையும் மிலானில் முதியவர் வோல்டாவையும் அவர் கண்டார். இருவரும் கத்தோலிக்கர். இருவர் பெயரும் இன்று எமது வீட்டு மின்குமிழ்களில் அலகுகளாக எழுதப்பட்டிருக்கின்றன. பரடே 1815இல் இலண்டன் திரும்பினார். 1821இல் சாரா பார்னார்ட் என்ற பெண்ணை மணந்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

அந்த 1821ஆம் ஆண்டிலேயே அவருடைய முதற் பெரிய கண்டுபிடிப்பும் வந்தது. அதைச் சொல்லுமுன் பள்ளிக்கூடப் பாடம் ஒன்றைச் சிறிது நினைவூட்ட வேண்டும். உயர்தரத்தில் விஞ்ஞானம் கற்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் பக்கத்தில் அழைத்துக்கொள்ளுங்கள்.

மாலையில் நிறுவைக்கு வந்த கொழுந்து பதினெட்டுக் கிலோ என்று கணக்கப்பிள்ளை எழுதுகிறார். அத்தோடு விடயம் முடிந்தது. எந்தப் பக்கத்துப் பதினெட்டுக் கிலோ என்று எவரும் கேட்பதில்லை. திணிவு, நேரம், வெப்பநிலை என்பன அப்படிப்பட்டவை. ஓர் எண்ணும் அலகும் போதும். இவற்றை எண்ணிக் கணியங்கள் என்று எமது பாடநூல்கள் சொல்லும். ஆனால் லொறி ஒன்று சேற்றில் புதைந்துவிட்டது, பத்துப் பேர் தள்ளினார்கள் என்றால் அது போதாது. ஐந்து பேர் முன்னாலிருந்தும் ஐந்து பேர் பின்னாலிருந்தும் தள்ளியிருந்தால் லொறி நின்ற இடத்திலேயே நிற்கும். விசைக்கு அளவோடு திசையும் வேண்டும். வேகமும் இடப்பெயர்ச்சியும் அவ்வாறே. இவை காவிக் கணியங்கள். துறவியர் உடுத்தும் காவிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. காவுதல் என்றால் சுமந்து செல்லுதல். இலத்தீன் மூலச் சொல்லின் பொருளும் அதுவே. இந்த இரண்டு ஆங்கிலப் பெயர்களையும் டப்ளின் நகரத்துக் கணித மேதை ஹமில்டன் 1840களில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்.

இனிக் கதைக்கு வருவோம். 1820இல் டென்மார்க் தேசத்து ஏர்ஸ்டெட் என்பவர், மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகில் வைத்த திசைகாட்டி முள் திரும்புவதைக் கண்டு வெளியிட்டார். அறிஞர் உலகம் திகைத்தது. திகைப்புக்குக் காரணம் முள் அசைந்ததல்ல, அசைந்த திசை. நியூட்டன் காலந்தொட்டு அவர்கள் அறிந்த விசைகள் எல்லாம் இரண்டு பொருள்களையும் சேர்க்கும் நேர்கோட்டில் இழுக்கும் அல்லது தள்ளும். இங்கே முள் கம்பியை நோக்கியும் வரவில்லை, கம்பியை விட்டு விலகவும் இல்லை, குறுக்கே திரும்பிக்கொண்டது. கம்பியைச் சுற்றி எங்கே வைத்தாலும் அது ஒரு வட்டத்தின் ஓரத்தைத் தொட்டாற்போலவே நின்றது.

மற்றவர்கள் இதைக் கணக்குக்குள் அடக்கப் பார்த்தபோது, கணக்குத் தெரியாத பரடே வட்டத்தை வட்டமாகவே எடுத்துக்கொண்டார். விசை வட்டமாக இருந்தால் கம்பியைக் காந்தத்தைச் சுற்றி ஓடவைக்கலாம் அல்லவா? 1821 செப்டெம்பர் மாதத் தொடக்கத்தில், இரசம் நிரப்பிய பாத்திரத்தின் நடுவே காந்தத்தை நிறுத்தி, மேலிருந்து ஒரு கம்பியைத் தொங்கவிட்டு மின்னோட்டத்தைச் செலுத்தினார். கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. உலகின் முதலாவது மின்மோட்டர் என்று இதைச் சொல்லலாம். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டும் காற்றாடியும் உருட்டும் இயந்திரமும் இந்தக் கம்பியின் பேரப்பிள்ளைகள்.

அவசரத்தில் அவர் அதை வெளியிட்டபோது, வேறொரு அறிஞரின் எண்ணத்தைத் திருடிவிட்டார் என்ற பழி எழுந்தது. 1824இல் அவர் ரோயல் சங்கத்துக்குத் தெரிவானபோது எதிர்த்து நின்றவர், அவரைக் கைதூக்கிவிட்ட டேவியேதான். பரடே மறுத்துப் பேசிச் சண்டைக்குப் போகவில்லை. பிற்காலத்தில் டேவியைக் குறைவாகப் பேசியதும் இல்லை.

பின்னர் பத்தாண்டுகள் அவர் பெரும்பாலும் இரசாயனத்திலும், கண்ணாடி உருக்குவதிலும், நிறுவனத்தின் கடனை அடைப்பதிலும் கழித்தார். வெள்ளி இரவு விரிவுரைகளும் சிறுவர்களுக்கான நத்தார்கால விரிவுரைகளும் அக்காலத்தில் தொடங்கியவை. நத்தார் விரிவுரைகள் இன்றும் நடைபெறுகின்றன.

1831 ஆகஸ்ட் 29ஆம் திகதி. ஓர் இரும்பு வளையத்தின் ஒரு பக்கத்தில் ஒரு கம்பிச் சுருளும் மறுபக்கத்தில் இன்னொரு சுருளும் சுற்றினார். முதலாவது சுருளில் மின்கலத்தைத் தொடுத்த கணத்தில், அதனுடன் தொடர்பே இல்லாத இரண்டாவது சுருளில் முள் துடித்தது, துடித்து அடங்கியது. மின்கலத்தைத் துண்டித்தபோது எதிர்த்திசையில் மீண்டும் துடித்தது. நிலையான காந்தம் ஒன்றும் செய்வதில்லை, மாறுகின்ற காந்தமே மின்னோட்டத்தைப் பிறப்பிக்கிறது என்பது புலனாயிற்று. அக்டோபர் 17இல் வெறுங் காந்தக் கோலைச் சுருளுக்குள் செருகியும் இழுத்தும் அதையே காட்டினார். அதே மாதம் 28இல் பெரிய காந்தத்தின் முனைகளுக்கிடையே செப்புத் தட்டு ஒன்றைச் சுழற்றித் தொடர்ச்சியான மின்னோட்டத்தைப் பெற்றார். அந்தத் தட்டைச் சுழற்றியது கை. 2024 ஏப்ரலில் திறக்கப்பட்ட உமா ஓயா மின்நிலையத்தில், ஊவா மலைகளுக்கடியில் குடைந்த சுரங்கவழி வரும் நீர் அந்த வேலையைச் செய்து 120 மெகாவாட் மின்சாரம் தருகிறது. அந்தச் சுரங்கம் குடையப்பட்டபோது பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றி, வீடுகள் வெடித்த துன்பம் தனிக்கதை.

வளையத்துக்கும் தட்டுக்கும் கிடைத்த புகழ் பெரிது. ஆனால் பரடே தன் மனதில் வைத்திருந்த பொருள் வேறு. ஒரு தாளின் கீழே காந்தத்தை வைத்து, மேலே இரும்புத்தூளைத் தூவித் தாளை மெல்லத் தட்டுங்கள். தூள் வளைந்த கோடுகளாக ஒழுங்குபடும். இதைப் பல நூற்றாண்டுகளாக மக்கள் பார்த்திருந்தார்கள். வேடிக்கை என்று விட்டுவிட்டார்கள். பரடே அந்தக் கோடுகளை வேடிக்கையாக எடுக்கவில்லை. காந்தத்தின் வேலை இரும்பில் மட்டும் நடக்கவில்லை, காந்தத்துக்கும் இரும்புக்கும் இடையிலுள்ள வெளியில் நடக்கிறது என்று நம்பினார். கணித அறிஞர்களோ இடைவெளியைக் கணக்கில் எடுப்பதில்லை. இங்கே ஒரு பொருள், அங்கே ஒரு பொருள், நடுவிலே வெறுமை. வெறுமையைத் தாண்டி விசை தாக்குகிறது. அவர்களுடைய சமன்பாடுகளுக்கு இதுவே போதுமாக இருந்தது. கோடுகளைப் பற்றிப் பேசிய கொல்லன் மகனை நல்ல பரிசோதகர் என்று மெச்சினார்கள். அவர் கொள்கையை மட்டும் மரியாதையாக ஒதுக்கி வைத்தார்கள்.

அவர் சொன்னதன் பொருளைப் புரிந்துகொள்ள ஊவாவைவிட நல்ல இடம் கிடைக்காது. ஒரே நேரத்தில் பதுளையிலும், எல்லயிலும், பண்டாரவளையிலும், அப்புத்தளையிலும் வெப்பநிலையை அளந்து படத்தில் எழுதிக்கொண்டே போவதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண். மேலே ஏற ஏற எண் குறையும். ஆயிரம் மீற்றருக்கு ஏறக்குறைய ஆறு, ஆறரைப் பாகை. இடந்தோறும் ஓர் எண் நின்றால் அது எண்ணிப் புலம். இனி அதே நேரத்தில் காற்றை அளப்போம். எண் மட்டும் போதாது. கச்சான் காலத்தில் அப்புத்தளைக் கணவாயில் அது ஆளைத் தள்ளிக்கொண்டு வரும். ஒரு மலை மறைவில் அடங்கியிருக்கும். பள்ளத்தாக்கில் திரும்பி வேறு பக்கம் வீசும். இடந்தோறும் ஓர் அம்புக்குறி போடவேண்டும். பலமான இடத்தில் நீண்ட அம்பு, மெல்லிய இடத்தில் குறுகிய அம்பு. அதுவே காவிப் புலம். மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு வறண்டு வரும் அந்தக் காற்றுத்தான் ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்குத் தனி மணத்தைக் கொடுக்கிறது.

இந்த இரண்டுக்கும் உறவு உண்டு. மலையில் கான் வெட்டும் தொழிலாளிக்கு அது தெரியும், பெயர்தான் தெரியாது. அவர் ஏறக்குறைய ஒரே உயரத்தில் மலையை வளைத்துக்கொண்டு வெட்டிப் போகிறார். மழைநீர் அவர் வெட்டும் கோட்டுக்குக் குறுக்கே, சரிவு மிகக் கூடிய திசையில் பாயப் பார்க்கிறது. ஒவ்வோர் இடத்தின் உயரமும் ஓர் எண். அந்த எண்கள் எங்கே வேகமாக மாறுகின்றனவோ அங்கே சரிவு கடுமை. எண்களின் மாற்றத்திலிருந்தே அம்பு பிறக்கிறது. மின்சாரத்தில் மின்னழுத்தம் என்பது உயரம் போன்றது, எண் மட்டும். மின்புலம் என்பது சரிவு போன்றது; திசையும் உண்டு.

ஆனால் எல்லாப் புலத்தையும் இப்படிச் சரிவாக நினைத்துவிட முடியாது. தெமோதரையில் புகையிரதப் பாதை மலையைச் சுற்றி இறங்கி, தான் கடந்துவந்த நிலையத்துக்கே கீழாகச் சுரங்கத்துக்குள் போவதைப் பார்த்திருப்பீர்கள். முழுச் சுற்றும் இறங்கியதனால் அது பழைய மட்டத்துக்கு வரமுடியவில்லை, அடியில் வந்து சேர்கிறது. இதுதான் மலையின் நியாயம். மின் பாயும் கம்பியைச் சுற்றிய காந்தப்புலத்தின் அம்புகளோ வட்டமாக ஒரே போக்கில் போய், புறப்பட்ட அதே புள்ளிக்கு வந்துவிடுகின்றன. எந்த மலையிலும் இப்படி ஒரு பாதை அமையாது. ஏர்ஸ்டெட்டின் முள் ஏன் அறிஞர்களைத் திகைக்கவைத்தது என்பது இப்போது விளங்கும்.

1836இல் பரடே பன்னிரண்டு அடிச் சதுரத்தில், ஓர் அறை அளவு பெட்டி ஒன்றைச் சட்டம் அடித்துச் செய்து, கம்பியும் உலோகத் தாளும் கொண்டு மூடி, வெளியே மின்பொறிகள் பறக்கும் அளவுக்கு அதற்கு மின்னேற்றச் செய்தார். தான் உள்ளே போய் மெழுகுதிரியும் நுண்ணிய கருவிகளும் வைத்துச் சோதித்தார். உள்ளே மின்புலம் கொஞ்சமும் இல்லை. உலோகக் கூட்டின் மேற்பரப்பில் மின்னேற்றம் பரவி, உள்ளே வரக்கூடிய புலத்தை அழித்துவிடுகிறது.

இப்போது அப்புத்தளை வாடிவீட்டுக்குத் திரும்பிப் போகலாம். தெளிந்த வானத்தின் கீழ் வெட்டவெளியில் மின்னழுத்தம் ஒரு மீற்றர் உயரத்துக்கு ஏறக்குறைய நூறு வோல்ட் வீதம் மாறுகிறது. இடிமுகில் தலைக்குமேல் வந்தால் அது மீற்றருக்குப் பல ஆயிரம் வோல்ட் ஆகும். முகிலுக்கும் தரைக்கும் இடையில் கோடிக்கணக்கான வோல்ட் வேறுபாடு நிற்கிறது. சமதரையில் சம அழுத்தக் கோடுகள் கான்களைப் போல இடைவெளிவிட்டுப் படுத்திருக்கும். உயர்ந்த மலைமுகடு, அதன்மேல் ஒரு கட்டிடம், ஒரு மரம், ஒரு மனிதன் என்று தரை மேலே நீட்டிக்கொண்டால், கோடுகள் அவற்றின் உச்சியில் நெருங்கி நிற்கும். நெருங்கிய இடத்தில் சரிவு கடுமை, மின்புலம் கடுமை. காற்று தாங்க முடியாமல் அங்கேயே முதலில் முறியும். மேஜர் ரொஜர்ஸ் நின்றது ஊவாவின் உயர்ந்த முகடுகளில் ஒன்றிலுள்ள திறந்த விறாந்தை. யானைகளைப் பற்றி அந்தக் கோடுகளுக்கு ஒன்றும் தெரியாது.

இதிலே எமது மக்களுக்கு வேண்டிய செய்தி ஒன்றும் இருப்பதால் சற்றுத் தங்கிச் சொல்கிறோம். இலங்கையில் மின்னல் மிகுந்த காலம் பருவக் காற்றுகளின் இடைக்காலம்; சித்திரையை ஒட்டிய மாதங்களும் ஐப்பசி கார்த்திகையும். நேரம் பெரும்பாலும் பிற்பகல். தேயிலைச் செடி இடுப்பளவு. அதன் நடுவே நிற்கும் பெண்தான் அந்த மலையின் உயர்ந்த முனை. தனி நிழல் மரத்தின் அடியில் ஒதுங்கினால் மரத்தில் விழுவது அவள்மேல் பாயும். தரையில் பரவும் மின்சாரம் இரண்டு பாதங்களுக்கிடையிலுள்ள அழுத்த வேறுபாட்டினாலேயே ஆளைக் கொல்லக்கூடும். லயத்தின் தகரக் கூரை பரடேயின் பெட்டியாகாது. நாற்புறமும் உலோகம் இல்லை. ஆயினும் வெட்டவெளியைவிட வீடு நல்லது, கதவோரமும் விறாந்தையும் அல்ல. உலோக உடலுள்ள பஸ், லொறி முன்னறை, புகையிரதப் பெட்டி ஆகியன கதவு யன்னல் மூடியிருந்தால் ஏறக்குறைய பரடேயின் பெட்டியே. முகில் கறுத்து முதல் இடி கேட்டவுடன் மலையிலிருந்து ஆட்களை இறக்க வேண்டும். நிறுவை குறைந்தால் குறையட்டும்.

பரடேயின் வாழ்க்கையில் அடுத்து வந்த ஆண்டுகள் இருண்டவை. இடைவிடாத உழைப்பினால் 1839இன் இறுதியில் உடல்நலம் உடைந்தது. தலைச்சுற்றும் மறதியும் பற்றிக்கொண்டன. முன்தினம் செய்த பரிசோதனையை மறந்து மீண்டும் செய்யத் தொடங்குவார். 1841இல் மனைவியுடன் சுவிற்சர்லாந்து சென்று ஓய்வெடுத்தார். அதே காலத்தில் இன்னொரு துன்பமும் வந்தது. அவர் சண்டிமனியர் என்ற மிகச் சிறிய புரட்டஸ்தாந்து சபையின் உறுப்பினர். அதில் மூப்பராகவும் இருந்தார். 1844இல் அந்தச் சபை அவரைச் சில வாரங்கள் விலக்கிவைத்து மீண்டும் சேர்த்துக்கொண்டது. அவருக்கு அது ஆழமான காயம். எமது திருச்சபையைச் சேர்ந்தவரல்லர் என்றாலும், செல்வம் சேர்ப்பது பாவம் என்ற அந்தச் சபையின் கட்டளையை அவர் எழுத்துக்கு எழுத்து கைக்கொண்டவர் என்பதைச் சொல்லாமல் விடமுடியாது. தொழிற்சாலைகளுக்கு ஆலோசனை சொல்லிப் பெருஞ்செல்வம் சேர்த்திருக்கலாம், சேர்க்கவில்லை.

1845இல் மீண்டும் முழுமூச்சாக ஆய்வுகூடத்தில் இறங்கினார். செப்டெம்பர் 13ஆம் திகதி, முன்பு தான் உருக்கிய கனமான கண்ணாடித் துண்டு ஒன்றைக் காந்த முனைகளருகே வைத்து அதனூடே ஒளிக்கதிரைச் செலுத்தியபோது, ஒளியின் அதிர்வுத் தளம் சற்றுத் திரும்புவதைக் கண்டார். ஒளிக்கும் காந்தத்துக்கும் உறவு உண்டு என்று அன்றுதான் முதன்முதல் காட்டப்பட்டது. சில வாரங்கள் கழித்து, அவ்வாண்டு நவம்பரில், காந்த முனைகளுக்கிடையிலுள்ள வெளியைக் குறிக்கத் தன் நாட்குறிப்பில் ஒரு புதுச்சொல்லை எழுதினார். பயிர்நிலத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பீல்ட் என்ற சாதாரணச் சொல்தான் அது. தோட்டத்து அலுவலகப் புத்தகத்தில் ஐந்தாம் நம்பர் பீல்ட் என்று எழுதி, நாம் ஐந்தாம் நம்பர் மலை என்று சொல்கிறோமே, அதே சொல். புலம் என்ற எமது தமிழ்ச் சொல்லுக்கும் வயல், நிலம் என்ற பொருள் உண்டு. சூனியம் என்று எல்லோரும் விட்டுவிட்ட இடத்தை ஒரு நிலமாகக் கண்டார் அவர்.

நாம் வாழும் நிலத்திலும் அப்படி ஒரு புலம் பரந்திருக்கிறது. பூமியின் காந்தப்புலம் இலண்டனில் தரைக்குள் செங்குத்தாகச் சாய்ந்து இறங்குகிறது. காந்த மத்திய கோட்டை ஒட்டிய இலங்கையிலோ அது ஏறக்குறைய கிடையாகவே கிடக்கிறது. தடையின்றித் தொங்கும் காந்த ஊசியைப் பதுளையில் வைத்தால் கிட்டத்தட்டத் தட்டையாக நிற்கும். பரடேயின் மேசையில் வைத்தால் மூக்குக் குத்தி நிற்கும்.

கணித அறிஞர்கள் மட்டும் அசையவில்லை. பரடேயின் எழுத்தில் சமன்பாடுகளே இல்லாமை அவர்களுக்கு வசதியாயிற்று. கடைசியில் அசைந்தவர் இருபத்து நான்கு வயது இளைஞர். அவர் ஸ்கொட்லாந்தின் நிலவுடைமைக் குடும்பத்து ஒரே மகன். கேம்பிரிட்ஜில் கணிதத்தைக் கரைத்துக் குடித்தவர். பெயர் ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல். பரடே வளையத்தைச் சுற்றிய அந்த 1831ஆம் ஆண்டில்தான் அவர் பிறந்தார். கணக்கை விட்டுவிட்டு முதலில் பரடேயின் எழுத்தை முழுவதும் வாசிப்பது என்று தீர்மானித்த அவருக்கு, இந்த மனிதர் குறியீடு இல்லாமலே கணிதம் செய்கிறார் என்பது புரிந்தது. 1855ஆம் ஆண்டின் இறுதியில் பரடேயின் விசைக் கோடுகளைப் பற்றியே கட்டுரை எழுதி வாசித்தார். அதன் பிரதி கிடைத்தபோது பரடேக்கு வயது அறுபத்தைந்து. தன் கோடுகள் இவ்வளவு கணக்கைத் தாங்கும் என்று கண்டு முதலில் பயந்துவிட்டதாகவும் பின் மகிழ்ந்ததாகவும் மறுமொழி எழுதினார். இன்னொரு கடிதத்தில், கணிதர்கள் தங்கள் முடிவுகளைச் சாதாரண மொழியிலும் எழுதினால் என்னைப்போன்றவர்களுக்கு உதவியாயிருக்குமே என்று பணிவாகக் கேட்டார். அந்த வேண்டுகோள் இன்றும் பெரும்பாலும் நிறைவேறவில்லை.

1865இல் மக்ஸ்வெல் மின்காந்தப் புலத்தின் முழுக் கணிதத்தையும் வெளியிட்டார். அந்தப் புலத்தில் எழும் அலை ஒளியின் அதே கதியில் செல்ல வேண்டும் என்று கணக்கிலிருந்தே வந்தது. வானொலியும் கைத்தொலைபேசியும் அங்கிருந்து பிறந்தவை. எமது மண்ணிலும் இந்த மரபு தொடர்ந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, கேம்பிரிட்ஜில் டிராக்கிடம் பயின்று, இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக விளங்கிய கிறிஸ்தி ஜெயரத்தினம் எலியேசர், மின்புலத்தில் இலத்திரன் எவ்வாறு அசையும் என்பதை ஆராய்ந்தவர். காவிகளைப் பற்றி 1963இல் சுருக்கமான பாடநூல் ஒன்றையும் எழுதினார், 2001இல் காலமானார்.

பரடேயின் முதுமை அமைதியானது. ரோயல் சங்கத்தின் தலைமைப் பதவி தேடி வந்தபோது மறுத்தார். சேர் பட்டமும் வேண்டாம் என்றார். 1858இல் விக்டோரியா அரசி ஹம்டன் கோட் என்ற இடத்தில் ஒரு வீட்டை அவருக்கு ஒதுக்கினார். 1862இல் கடைசி விரிவுரை. மறதி கூடிக்கொண்டே வந்தது. பழைய நண்பர்களுக்குக் கடிதம் எழுதத் தொடங்கி, சொற்கள் வராமல் கிழித்துவிடுவார். 1867 ஆகஸ்ட் 25ஆம் திகதி அந்த வீட்டின் வாசிப்பறையில், நாற்காலியில் அமர்ந்தபடியே உயிர் பிரிந்தது.

பெரியோர் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் அவருக்கும் இடம் கிடைத்திருக்கும். அவர் ஆடம்பரமில்லாத அடக்கத்தையே விரும்பியிருந்தார். வீட்டாரும் சபையாருமாகச் சிலர் மட்டும் இலண்டனின் ஹைகேட் மயானத்தில் அவரை அடக்கம் செய்தனர். கல்லில் பெயரும் பிறந்த நாளும் இறந்த நாளும் வெட்டினார்கள். 1879இல் சாரா அம்மையாரையும் அங்கேயே வைத்தார்கள்.